வேப்பிலை இல்லாத வாசல்கள்

அறுபதுகளில் தாராவியில் வீடு வீடாகப் போய் அம்மைத் தடுப்பூசி குத்துவதுதான் எனக்கு முனிசிபாலிட்டி வேலை. எங்கள் அதிகாரி மராத்திக்காரர், நல்ல மனிதர். ஆனால் யாருக்குப் பெரியம்மை என்று அவர் கேட்டால் நம் சனம் வாயைத் திறக்காது. என் வாய் சும்மா இருக்குமா? கேட்கவே வேண்டாம் சாகேப், வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அது அம்மை கண்ட வீடு என்று சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வாரமே வண்டி வந்து, வேப்பிலை பார்த்த வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்களைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. சாகேப் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாளில் ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை. நோய் அடங்குகிறது என்று நானே ரிப்போர்ட் எழுதினேன், மடச்சி! அந்தக் கொத்தைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டார் பிள்ளைகளை வெளியே நிறுத்துவார்கள், வந்த விருந்தாளி அப்படியே திரும்பிப் போவார். இப்போது எல்லா வீட்டுக்குள்ளும் எல்லாரும் போய் வந்தார்கள். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து, இரண்டு சந்து தள்ளியிருந்த தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் மகளுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. சளியாக இருக்கிறது, அடுத்த வாரம் குத்தலாம் என்று தள்ளிப்போட்டது நான்தான். தங்கை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை தூங்குகிறது, பிறகு வா என்றாள். நான் அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். குழந்தையின் முகமெல்லாம் கொப்புளம்.

தங்கை தினமும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாவரைக்கப் போவது பக்கத்து வீட்டுக்கு. அங்கே சேலைத் திரைக்குப் பின்னால் ஒரு பையன் அம்மையோடு படுத்திருந்திருக்கிறான். கோபம் தலைக்கேறி அந்த அம்மாளிடம் சண்டைக்குப் போனேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"வேப்பிலையச் செருகுனா நீங்க வண்டியோட வந்திருவியள்லா. எம்பிள்ளைய எப்பிடிம்மா அனுப்ப?"

தங்கை வீட்டுக்கே திரும்பி வந்தேன். தங்கை குழந்தையை மடியில் வைத்தபடி என்னையே பார்த்தாள்.

"நீ இப்ப அக்காவா வந்திருக்கியா, முனிசிபாலிட்டியா வந்திருக்கியா?"

அக்காவாகத்தான் என்றேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்குப் போன கைக்குழந்தைகளில் திரும்பி வந்த ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

மறுநாள் சாகேப்புக்குக் கொடுக்கும் அம்மை கண்ட வீடுகளின் பட்டியலில் அந்த இரண்டு வீடுகளையும் எழுதவில்லை. அந்தச் சந்தில் ஊசி குத்தாமல் விட்டுப்போனவர்களுக்காவது உடனே குத்தியிருக்கலாம். திடீரென்று இங்கே எதற்கு என்று சாகேப் கேட்பாரே என்று அதையும் செய்யவில்லை.

தங்கை மகள் பிழைத்துக்கொண்டாள். அந்தச் சந்தில் அதற்குப் பிறகு யார் யாருக்கு அம்மை கண்டது என்று நான் விசாரிக்கவே இல்லை.