விடுதிக்குள் நுழைந்த ரஹ்மா

கற்பிட்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் கருவாடு காயாத நாளில்லை. அந்த "வாடை" எங்கள் உடுப்பிலும் தலைமுடியிலும் பாடக் கொப்பியிலும் ஏறிப்போயிருந்ததால், அப்படியொன்று இருப்பதே வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வரும். மலைநாட்டிலிருந்து எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர் முஸ்தபா சேர் முதல் மாதம் முழுவதும் கைக்குட்டையும் கையுமாகவே திரிந்தார்.

சேர் விடுதிக் கதைகள் எழுதுபவர். அவருடைய பொடியன்மார் தலையணையால் அடித்துக்கொள்வார்கள், மதிலேறிக் குதிப்பார்கள், வார்டனிடம் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். என் கையெழுத்து குண்டுகுண்டாக அழகாயிருந்ததால், புத்தளத்து அச்சகத்துக்குக் கொடுக்க அவற்றைப் படியெடுக்கும் வேலை பன்னிரண்டு வயதில் எனக்குக் கிடைத்தது. எப்படியாவது ஒரு கதைக்குள் நானும் நுழைந்துவிட வேண்டுமென்று ஆசைப்பட்டுக் கேட்டேன். "ஆம்புளப் புள்ளைகள்ட விடுதியில ஒனக்கு என்ன வேல, மகள்?" என்று சிரித்துவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

முதல் புத்தகத்தின் கடைசிக் கதை கற்பிட்டியிலேயே, எங்கள் பள்ளி விடுதியில் நடந்தது. ஒருவன் சமையலறைக் கருவாட்டைக் களவெடுத்துத் தன் கட்டிலுக்கடியில் ஒளிக்கிறான். வார்டன் வாடை பிடித்தே அவனைக் கண்டுபிடிக்கிறார். எங்கள் ஊர் வார்டனாவது, கருவாட்டு வாடை பிடிப்பதாவது! சேரைக் கேளாமலே மாற்றி எழுதினேன். எதிர்வீட்டு ரஹ்மா, என் பெயரேதான், யன்னலால் எட்டிப் பார்த்து வார்டனிடம், "வாடைய உடுங்க சேர், இந்த ஊர்ல எல்லாமே அந்த வாடதான். பூன எந்தக் கட்டிலச் சுத்துது எண்டு பாருங்க" என்கிறாள். பூனை காட்டிய கட்டிலில் கள்வன் பிடிபடுகிறான்.

என்னை அவ்வளவு நம்பியவர், ஒரு வரிகூடச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

புத்தகம் வந்த அன்று வகுப்பில் உரத்து வாசித்தார். ரஹ்மா வந்த இடத்தில் குரல் நின்றது; கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். வாப்பாவின் காதுக்குப் போனால் இனிக் கொப்பியுமில்லை, பேனாவுமில்லை. ஆனால் பொடியன்மார் விடவில்லை. "வாசிங்க சேர், பூன எங்க போன?" என்று கத்தினார்கள். அவர் வாசித்து முடித்தபோது வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது, அவரும்தான். மணியடித்ததும் புதிய கொப்பியொன்றை என்னிடம் நீட்டினார். "ரஹ்மா அடுத்த கதையில என்ன செய்றா எண்டு நீயே சொல்லு."

இன்று அந்த விடுதி, பட்டம் பிடித்து அலையில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களின் ஹோட்டல். அவர்களுக்காக அந்தப் பக்கம் யாரும் கருவாடு காயவிடுவதில்லை. சேரும் இல்லை, அச்சகமும் இல்லை. "ஆண்பிள்ளைகளுக்கான விடுதிக் கதைகள்" என்று அட்டையில் போட்டிருந்த முதல் புத்தகத்தை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது மட்டும் என் அலுமாரியில் பத்திரமாயிருக்கிறது. அதன் அட்டையில் "பிள்ளைகளுக்கான விடுதிக் கதைகள்" என்றுதான் இருக்கிறது.