ஓவனுக்குள் வைத்த கரடி

லண்டன் நோர்பரியில் என் எதிர் ஃபிளாட்டில் இருக்கும் ரஷ்யக்கார அக்கா சோவியத் காலத்தில் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதற்காக யார் முன்னும் தலை குனிந்ததில்லை. நாங்கள் பேசுவது உடைந்த ஆங்கிலம். இங்கே தமிழில் சொல்கிறேன்.

சர்க்கஸில் ஆடமாட்டேன் என்று உட்கார்ந்துவிடும் கரடியைப் பற்றி அவர் ஒரு கதை எழுதினார். ரகசியப் பொலிஸார் வந்து அதைக் கொண்டுபோனார்கள். பிறகு அவருடைய புத்தகம் எதுவும் அச்சாகவில்லை. பாலர் பள்ளியில் கோப்பை கழுவினார். இந்த வயதில், நினைவிலிருந்து அதைத் திரும்ப எழுதி முடித்திருந்தார். வேறு பிரதி இல்லை.

காஸ் பரிசோதிக்க ஆள் வருகிற காலையில், தாள்களைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"அக்கா, அவன் காஸ் பார்க்க வாறவன். கதை பார்க்க இல்லை."

"அண்டைக்கும் தண்ணிக் குழாய் பார்க்க எண்டுதான் வந்தவங்கள்."

நான் சிரிக்கவில்லை. ஊரில் ஆமி சோதனைக்கு வரும்போது இயக்கத்துப் பிள்ளைகளின் படங்களைக் கூரைக்குள் செருகியவள் நான். பொதியை வாங்கி ஓவனுக்குள், தாச்சிச் சட்டிகளுக்கு அடியில் வைத்தேன். எங்கள் ஆட்களுக்கு ஓவன் தாச்சி வைக்கிற அலுமாரிதானே. அது எரியும் என்பதே மறந்துபோயிருந்தது.

வந்தவன் வெந்நீர் பொயிலரைப் பார்த்தான். மேலடுப்புகளைப் பற்றவைத்தான். கை ஓவன் பக்கம் போனது. தடுத்தால் ஏன் என்பான்; விட்டால் சாம்பல். திறந்திருந்த என் வாசல் வழியே, எதிர்க் கதவின் இடுக்கில் அக்காவின் கண் தெரிந்தது.

"நில்லுங்கோ தம்பி." தமிழில்தான் வந்தது; வெள்ளைக்காரனுக்கு விளங்கவில்லை.

அவன் திறந்து குனிந்தான். "உங்கட ஆக்கள் எல்லாற்ற வீட்டிலயும் இதுதான்," என்று தாச்சிகளை வெளியே எடுத்தான். கடைசியில் பொதி வந்தது. துணி விலகியது.

"இதென்ன?"

எதிர்க் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

"என்ர. நான் எழுதின கதை."

தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்கள் எழுத்தாளரோ?"

"ஓம். பார்த்தால் தெரியேல்லையோ?"

"அப்ப வேற இடத்தில வையுங்கோ. எரிஞ்சுபோம்."

அடுத்தது அக்காவின் வீடு. பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் போய்த் தட்டினேன். திறக்க நேரமானது. அவன் வேலை முடிக்கும்வரை அக்கா என் கையை விடவேயில்லை.

அவன் போன பிறகு பொதியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"உன்னட்டையே இருக்கட்டும், எழுத்தாளரம்மா. நீ பயப்பிடாமல் பொய் சொல்லுறாய்."

பயப்படாமலா? அது என் தலையணைக்குக் கீழே கிடக்கிறது. கீழ்க் கதவு மணி அடித்தால் முன்பு அக்கா பயந்து எழுவார்; இப்போது தேநீரைக் குடித்துக்கொண்டிருக்கிறார். எழுந்து நிற்பது நான்.