குழியில் கிடக்கும் யோசேப்பு

கணக்கெழுதும் கிராணி வேலைக்காகக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் ரயிலில், தினமும் வேதாகமத்தை ஆதியாகமம் தொட்டு வாசிப்பதென்பது என் புதுவருஷத் தீர்மானம். வாய்விட்டு வாசித்தால்தான் எனக்கு மனதில் நிற்கும்.

இன்று சோம்பல். கரிப்புகைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பத்திரிகையை விரித்தேன்.

எதிரே வழக்கமாக உட்காருபவர், செந்தூல் ரயில் பட்டறைக்காரர், நெற்றி நிறையத் திருநீறு, இதுவரை என்னிடம் பேசியதே இல்லை. தொண்டையைச் செருமினார்.

"கிராணி ஐயா, அந்தப் பையன் என்ன ஆனான்?"

"எந்தப் பையன் அண்ணே?"

"அதான், அண்ணங்காரனுங்க குழியில தள்ளுனானுங்களே. நேத்து அங்கதானே நிறுத்துனீங்க?"

"கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"பின்ன? வீட்ல சம்சாரத்துக்குச் சொல்லணும்லா. பையன் குழியிலயே கிடக்குறான்னு நேத்து அவ சரியாச் சாப்பிடல."

பத்திரிகையை மடித்துவிட்டு வேதாகமத்தை எடுத்தேன். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

யோசேப்பு இருக்கும்வரை கவலையில்லை. கதையே இல்லாமல் பலிச் சட்டங்களாக வரும் லேவியராகமத்தில் நானே வருஷாவருஷம் நின்றுவிடுகிறவன். அப்போது அந்த அம்மாவுக்கு என்ன சொல்லி அனுப்புவது? லேவியராகமத்தைத் தாண்டிப் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.