பத்துக் கிலோ மகளைச் சுமப்பது

என் மகள் பிறக்கும்போதே கனமான பிள்ளை. எடை பார்த்த நர்ஸ், "பொறந்த புள்ளயா இது? மூணு மாசத்துப் புள்ள மாதிரில்லா இருக்கா" என்று சிரித்தார். கல்யாணமாகிப் பல வருடங்கள் காத்திருந்து பெற்ற பிள்ளை. அந்தக் கனம் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அவளுக்கு எட்டு மாதம் ஆகி, என் மனைவி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியபோது, அதே கனம் எனக்குப் பயமாகிவிட்டது.

எனக்கு இடது கால் சரியில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோ. தொடையிலிருந்து கணுக்கால் வரை காலிப்பர் என்ற இரும்புச் சட்டம் போட்டு, வலது கையில் கம்பு ஊன்றி நடப்பேன். நடையில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. நாங்கள் இருக்கும் திரேஸ்புரத்திலிருந்து பழைய துறைமுகம் வரை நடந்தே போய் வந்திருக்கிறேன். ஆனால் கம்பு பிடித்த கை கம்புக்குத்தான். மிச்சம் ஒரு கை. அந்தக் கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டால் படியில் கைப்பிடியைப் பிடிக்க எனக்குக் கையில்லை.

நாங்கள் குடியிருந்தது மாடி வீடு. படிக்கட்டு வெளிச்சுவரை ஒட்டி, ஒரு ஆள் மட்டும் இறங்கும் அகலத்தில் இருந்தது. உப்புக்காற்றில் அரித்த இரும்புக் கம்பிதான் கைப்பிடி. என் மனைவிக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. நான் ஒரு ஷிப்பிங் ஏஜென்சிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறேன். பகலில் பிள்ளையை நான் பார்த்துக்கொள்வது என்று பேசி வைத்திருந்தோம். பேசும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

முதல் வாரத்திலேயே ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீடு. அடுப்புக்குள் இருப்பது போலக் காந்தியது. பிள்ளை அழ ஆரம்பித்தாள். முதுகு முழுக்க வேர்க்குரு. கீழே தெருவில் வேப்பமரத்து நிழல் தெரிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தேன். அழுகை நின்றபாடில்லை. கடைசியில் படியின் மேல்முனையில் உட்கார்ந்து, கம்பை உள்ளேயே போட்டுவிட்டு, பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்புறத்தால் நகர்ந்து இறங்கினேன். பாதி தூரத்தில் அவள் துள்ளினாள். காற்றில் பந்து எழும்புவது மாதிரி என் கைக்குள்ளிருந்து எழும்பினாள். பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அடுத்த படிக்கு நகரத் துணியவில்லை.

கீழ் வீட்டில் இருந்த அக்கா கருவாடு மொத்த வியாபாரம் செய்பவர். அப்போதுதான் வெளியே வந்தவர் என்னைப் பார்த்துக் கத்திவிட்டார்.

"ஏய் தம்பி! என்ன காரியம் செய்தீய! ஒரு சத்தம் கொடுத்தா நான் ஏறி வர மாட்டேனா?"

பிள்ளையை வாங்கிக்கொண்டார். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் என் மனைவி வந்ததும் அக்கா சொல்லிவிட்டார். என் மனைவி பிள்ளைக்குப் பால் கொடுத்து, தூங்க வைத்து, பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் வேலைய விட்டுருதேன்" என்றாள்.

"வேண்டாம்ளா."

"அப்ப பிள்ளயத் தூக்குததுக்கு ஒரு வழி பாருங்க. இன்னொரு தடவ இப்பிடிக் கேக்க என்னால முடியாது."

வழி பார்க்க ஆரம்பித்தோம். முதல் வழி அக்கா சொன்னது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், வெளுத்துப்போன ஒரு நூல் சேலையை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். "என் மூத்தவன இப்பிடித்தான் முதுகுல கட்டிக்கிட்டு கருவாடு காய வச்சேன். ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி, பிள்ளையை என் முதுகில் சாய்த்து, சேலையைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி நெஞ்சில் முடிச்சுப் போட்டார். நன்றாகத்தான் இருந்தது. பாரமே தெரியவில்லை. நான் கம்பை எடுத்துக்கொண்டு ஹாலில் நடந்தேன்.

நான் நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு இடது பக்கம் ஒருமுறை அமிழ்ந்து எழும். எனக்கு அது தெரியவே தெரியாது. நடக்கத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான் நடக்கிறேன். சேலைக்குத் தெரிந்துவிட்டது. சமையலறை வாசல்வரை போய்த் திரும்பியபோது முதுகில் பாரம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. என் மனைவி "ஐயோ" என்று பாய்ந்து வந்து பிள்ளையின் தலையைத் தாங்கினாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "நான் நேரா நடப்பேன், அதான் எனக்கு நின்னுது. தம்பி நீங்க…" என்று நிறுத்திக்கொண்டார்.

"நான் ஆடிக்கிட்டுத்தான் நடப்பேன், அக்கா. பரவாயில்ல, இப்பத் தெரிஞ்சதே நல்லது."

அடுத்தது ஆன்லைனில் வாங்கியது. நெஞ்சோடு மாட்டும் பை. படத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஒல்லிக் குழந்தையை அதில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். எங்கள் பிள்ளையை வைத்ததும் பட்டைகள் இரண்டும் என் தோளில் கயிறு போல இறங்கின. அடியில் துணி ஒரு சாண்கூட அகலமில்லை. அவள் கால்கள் இரண்டும் கீழே தொங்கின. முழுப் பாரமும் அவள் கவட்டியில் நின்றது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அவள் தலை என் தாடைக்குக் கீழே நின்றதால் என் கால் எனக்குத் தெரியவில்லை. இடது கால் எங்கே விழுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் நான் வைப்பேன். அதைப் பார்க்காமல் படி இறங்குவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதற்குள் அவள் அந்தப் பைக்குள் தூங்கிவிட்டாள். தலை குனிந்து, முகவாய் நெஞ்சில் அழுந்தியிருந்தது. மூச்சு கர், கர் என்று கேட்டது. என் மனைவி முகத்தை நிமிர்த்தினாள், மறுபடி விழுந்தது. "கழத்துங்க, கழத்துங்க" என்று அவளே பட்டையை உருவி எடுத்தாள்.

அன்றிலிருந்து நான் வேலைக்கு நடுவே செல்போனில் இதையே தேடிப் படித்தேன். கால் தொங்கினால் இடுப்பு மூட்டு கெட்டுப்போகும் என்று ஒரு இடத்தில் இருக்கும். மூச்சடைக்கும் என்று இன்னொரு இடத்தில். என் கால் போனது யாருடைய தப்பும் இல்லை. ஆனால் என்னால் இவள் காலுக்கு ஏதாவது வந்தால்? இதை என் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசியில் என் காலிப்பரைச் சரிபார்க்கும் பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனோம். பல வருடங்களாக என் நடையைப் பார்ப்பவர். கூச்சத்தோடுதான் கேட்டேன். "பிள்ள தூக்குததுக்கு எனக்கு எது சரிப்படும், மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. என்னை எழுந்து நடக்கச் சொன்னார். பிறகு பிள்ளையைத் தன் மடியில் உட்கார வைத்துப் பார்த்தார்.

"இவ நல்லா நிமிந்து உக்காருதா. முதுகுல போடலாம். முன்னால வேண்டாம், உங்களுக்குப் படி தெரியாது. ஒரு பக்க இடுப்புலயும் வேண்டாம், ஏற்கெனவே நீங்க ஒரு பக்கமாத்தான் சாயுதீங்க. பாரம் தோள்ல நிக்கக் கூடாது. அகலமான இடுப்புப் பெல்ட்டு இருக்கணும், அதுலதான் முக்கால்வாசிப் பாரம் இறங்கணும். இவ முட்டி ரெண்டும் பின்பக்கத்தவிட கொஞ்சம் மேல இருக்கணும், தவளை உக்காந்த மாதிரி. முகம் எப்பவும் வெளிய இருக்கணும்."

"படியில?" என்று கேட்டாள் என் மனைவி.

அவர் பிள்ளையை என் மனைவியிடம் கொடுத்தார். "முதல்ல சமதரையில. படி பத்தி நான் உறுதி சொல்ல மாட்டேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது ஒருவர் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

டவுனில் குழந்தைச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். விற்கிற பெண் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஒன்றில் பெல்ட்டு மெல்லிசு. ஒன்றில் கொக்கி முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் கைக்கு எட்டவில்லை. ஒன்று கம்பளி மாதிரி தடித்த துணி. எங்கள் ஊர் வெயிலுக்கு ஆகாது. "அண்ணே, மேடத்துக்குத்தானே?" என்று அந்தப் பெண் கேட்டார். எனக்குத்தான் என்றதும் என் கம்பைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் ஒரு சாம்பல் நிறப் பையைக் கொண்டுவந்தார். இடுப்புப் பெல்ட்டு ஒரு கை அகலம். கொக்கிகள் எல்லாம் முன்பக்கம். முதுகில் வலைத்துணி. உட்காரும் இடம் பிள்ளையின் ஒரு முட்டியிலிருந்து மறு முட்டி வரை போனது. போட்டுக் கட்டியதும் பாரம் இடுப்பில் போய் உட்கார்ந்தது. பெல்ட்டு இடது பக்கம் சரிந்தது. அந்தப் பக்கத் தோள்பட்டையைக் கொஞ்சம் இழுத்து இறுக்கியதும் நேரானது. கடைக்குள் நடந்தேன். நான் அமிழ்ந்தபோது அவளும் என்னோடு அமிழ்ந்தாள், என்னோடு எழுந்தாள். தனியாக எங்கும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் சில நாட்கள் பிள்ளைக்குப் பதில் அவள் எடைக்கு ஒத்த பத்துக் கிலோ அரிசி மூட்டையை அதில் வைத்துக் கட்டிப் பழகினேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பையைப் பின்னால் நிறுத்தி, பட்டைக்குள் கை நுழைத்து, கொக்கி மாட்டி, எழும்ப வேண்டும். அரிசியைச் சுமந்துகொண்டு படியில் இறங்கி ஏறினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அரிசி அழாதுல்லா" என்றாள் என் மனைவி. "அரிசி துள்ளவும் செய்யாது."

பிள்ளையோடு இறங்கிய முதல் நாள் என் மனைவி எனக்கு முன்னால், என்னைப் பார்த்தபடி, பின்பக்கமாகப் படி இறங்கினாள். இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தாள். எனக்கு வலது கையில் கம்பு, இடது கையில் கைப்பிடிக் கம்பி. பிள்ளையைச் சுமக்கும்போது இரண்டு கையும் எனக்கே கிடைத்தது அன்றுதான். தரைக்கு வந்ததும் அவள் சட்டென்று சுவரில் சாய்ந்துகொண்டாள். அதுவரை மூச்சே விடாமல் இறங்கியிருக்கிறாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை நேரம் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. கண் சொருகியது. அக்கா சரக்கெடுக்கப் போயிருந்தார். என் மனைவிக்குப் போன் செய்தேன். "நான் கிளம்பிட்டேன், நீங்க இறங்காதீங்க, மழ பெய்யுது" என்றாள். ஆனால் தெருவெல்லாம் தண்ணீர். அவள் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று தெரியவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன். தெரிந்த ஆட்டோக்காரருக்குப் போன் போட்டுவிட்டு, பிள்ளையை முதுகில் கட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பாதிப் படியில் பாசி. கம்பை ஊன்றினேன், அது வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. என் வலது முட்டி மடங்கிப் படியில் இடித்தது. இடது கை மட்டும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தது. நெஞ்சு அந்தக் கம்பியில் சாய்ந்து நின்றது. முதுகில் பாரம் ஒருமுறை குலுங்கி, நின்ற இடத்திலேயே நின்றது. பிள்ளையிடமிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லை. "மவளே, மவளே" என்று கூப்பிட்டேன். பிறகுதான் அவள் அழுதாள்.

கீழே வந்து நின்ற ஆட்டோக்காரர் ஓடி ஏறி வந்தார். "அண்ணாச்சி, அசையாதீய. அங்கனயே நில்லுங்க." எனக்குக் கீழ்ப்படியில் நின்று பிள்ளையையும் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறக்கினார்.

சாதாரணக் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். விழுந்ததைச் சொல்லி, கை, கால், தலை எல்லாம் பார்க்கச் சொன்னேன். ஒரு கீறல்கூட இல்லை. என் மனைவி நனைந்து ஓடி வந்தபோது பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் பேன்ட் முட்டியில் கிழிந்திருந்ததை அவள் பார்த்தாள்.

"விழுந்தீயளா?"

"பெல்ட்டு பிடிச்சுக்கிட்டுதுளா. அவ அசையவே இல்ல."

அவள் அந்தப் பையைக் கையில் எடுத்து, ஒவ்வொரு கொக்கியாக அழுத்திப் பார்த்தாள். "பெல்ட்டு பிடிச்சுது. கம்பு பிடிக்கலல்லா" என்றாள்.

பிசியோதெரபிஸ்ட் அம்மா படியைப் பற்றி உறுதி சொல்லாதது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீடு பார்த்துக் குடிமாறினோம். சின்ன வீடு, கடல் தெரியாது. அக்கா ஆட்களைக் கூட்டி வந்து சாமான் ஏற்றிக் கொடுத்தார்.

இப்போதும் சாயங்காலங்களில் மகளை முதுகில் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகிறேன். கிளம்புமுன் எல்லாக் கொக்கிகளையும் இரண்டுமுறை அழுத்திப் பார்ப்பேன். அந்தப் பயம் போகவில்லை. முதுகில் இருக்கும் பிள்ளையின் முகம் நமக்குத் தெரியாது. அவள் மழலைச் சத்தம் நின்றால் எனக்குப் பதறும். போன வாரம் படகுகள் நிற்கும் இடத்தில் அவள் சட்டென்று அமைதியாகிவிட்டாள். மீன் கூடையோடு போன ஒரு அம்மாவை நிறுத்தி, "பிள்ள என்ன செய்யுதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று கேட்டேன்.

அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "வாயத் தொறந்துட்டு உறங்குதா" என்றார். பிறகு, "கனமான புள்ளயால்லா இருக்கு, கனக்கலயா?" என்று கேட்டார்.

"கனக்கத்தான் செய்யுது" என்றேன். உட்கார்ந்தால் அவள் விழித்துக்கொள்வாள் என்பதால், கரையேற்றியிருந்த ஒரு படகின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.