ஜானகி அக்காவின் வாசலில் ஊற்றிய கான்கிரீட்

ஜானகி அக்கா போய்விட்டார் என்ற செய்தி எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதற்கு மேலே, தண்ணீர் டேங்கர் இன்று வருமா என்று யாரோ கேட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். உயிரோடு இருந்தவரை அவரை ஓட ஓட விரட்டியவர்களின் கைகளும் அதில் இருந்தன. புனேயில் அவரை அறிந்த தமிழர்கள் பலர் இருக்கிறீர்கள். நடந்தது என்ன என்று உங்களுக்காவது தெரியட்டும்.

அக்கா பிறந்தது இங்கே ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில். கேம்ப் பகுதியில் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கோந்த்வாவில் எங்கள் சந்தில் வீடு வாங்கினார். நான் கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவன். சொசைட்டி கமிட்டியில் இருவரும் சேர்ந்து இருந்தோம். அவர் தமிழில் பாதி இந்தி கலந்திருக்கும். கோபம் வந்தால் முழுக்க மராத்தி.

எங்கள் சந்து சரிவானது. எல்லா வீட்டிலும் கேட்டிலிருந்து படிவரை கான்கிரீட். மழை பெய்தால் மொத்தத் தண்ணீரும் ஓடிப்போய்க் கடைசி வீட்டுக்குள் புகும். கோடையில் போர்வெல் வற்றிவிடும். ஒரு கோடையில் அக்கா ஆள் வைத்துத் தன் முன்வாசலை உடைத்தார். அடியில் ஜல்லி பரப்பி, கார் சக்கரம் ஏறுகிற இடத்தில் மட்டும் இரண்டு வரிசை கல் பதித்து, மற்ற இடமெல்லாம் மண் போட்டுப் புல் நட்டார்.

“சக்கரம் போற ஜாகாக்கு மட்டும் கல்லு போதும் தம்பி. நடுவுல எதுக்கு கான்கிரீட்? காடியோட வயித்துக்கா?” என்றார். காடி என்றால் அவருக்குக் கார்.

அந்த வருடம் மழை அவர் வாசலில் விழுந்து அங்கேயே இறங்கியது. கேட்டைத் தாண்டி ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அதைப் பார்க்க யாரும் வரவில்லை. கொசு வரும், பாம்பு வரும், சந்தின் அழகு கெட்டது என்று புகார்கள்தான் வந்தன. முதலில் புகார் சொன்னவர் அந்தக் கடைசி வீட்டுக்காரர். கூட்டத்தில் அக்கா எழுந்து, “என் வாசல்ல விழற மழைப் பாணியை உங்க ஹாலுக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்றேன். அதுக்கா சண்டை போடறீங்க?” என்று மராத்தியில் கேட்டுவிட்டு, எனக்காகத் தமிழிலும் சொன்னார்.

போன குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அவர் மருத்துவமனையில் கிடந்தபோது சந்துக்குப் புது கான்கிரீட் போட ஆட்கள் வந்தார்கள். நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அக்காவின் வாசலையும் சேர்த்து மூடியிருந்தார்கள். சொசைட்டி செக்ரெட்டரியிடம் ஓடினேன்.

“மும்பையில் இருக்கிற அவர் மகனிடம் போனில் கேட்டுவிட்டோம். எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?” என்றார் அவர். வாசல் சுத்தமாக இருந்தால் வீட்டுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று மகன் சொன்னாராம். அம்மா அப்போது ஐ.சி.யு.வில் கண் விழித்திருக்கவில்லை.

அக்கா வீடு திரும்பிய அன்று நான் சக்கர நாற்காலியைத் தள்ளினேன். கேட்டைத் திறந்ததும் நிறுத்தச் சொன்னார். வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது.

“நான் இல்லாத டைம் பாத்துப் பண்ணிட்டாங்க தம்பி. இருந்திருந்தா சண்டை ஜகடாவாவது போட்டிருப்பேன்.”

பிறகு, “உள்ள தள்ளு. ஸ்மூத்தா போகும்” என்றார். அதற்குப் பின் அவர் அந்த வாசலுக்கு வரவே இல்லை. இந்த மழையில் கடைசி வீட்டு ஹாலில் கட்டில் கால்வரை தண்ணீர் நின்றது. அதை அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அவர் பொண்டாட்டிக்கு முட்டி வலி. பாவம், யார் துடைக்கறது?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் இறந்துபோனார்.

இரங்கல் கூட்டத்தில் செக்ரெட்டரி அவரைப் ‘பசுமையை நேசித்தவர்’ என்றார். கடைசி வீட்டுக்காரர் ‘பொறுமையின் வடிவம்’ என்று கண் கலங்கினார். முடிவில் பிளாஸ்டிக் கோப்பையில் ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். எங்கே நடுவது என்று செக்ரெட்டரியைக் கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, தொட்டியில் வைக்கச் சொன்னார்.

பொறுமை அக்காவிடம் இருந்ததே இல்லை. அவரிடம் இருந்தது கோபம். அந்தக் கூட்டத்தில் அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். புதன்கிழமை என் வாசலை உடைக்க ஆட்கள் வருகிறார்கள்.