எதிர்க்கடை

அசன் மைதீன் பஞ்சர் கடை போட்டது பிழைப்புக்காக அல்ல. சாத்தான்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மோட்டார் சைக்கிளில் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் விற்றுவந்தவன் அவன். வாங்கும் எண்ணமே இல்லாத பெண்களையும் சிரிக்கச் சிரிக்கப் பேசி வாங்க வைத்துவிடுவான். அப்படிப்பட்டவனைச் சாலையோரத்தில் ஸ்பானரோடு உட்கார வைத்தது ஒரு வெயில் நாள்.

அன்று அதிகாலை, திசையன்விளையில் உடன்பிறந்த ராத்தா வீட்டில் இருந்த அவன் உம்மா மௌத்தாகிவிட்டாள். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று போன் வந்தபோது அவன் ஒரு வாசலில் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மூட்டையை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினான். பாதி வழியில் பின்சக்கரம் காற்றிறங்கி, வண்டி தடுமாறிச் செம்மண்ணில் இறங்கி நின்றது. சுற்றிலும் பனைகள். சற்றுத் தள்ளி, பாபநாசம் என்பவனின் பஞ்சர் கடை மட்டும் இருந்தது. வண்டியை அங்கே உருட்டிக்கொண்டு போனான்.

“அண்ணாச்சி, எங்க உம்மா மௌத்தாயிட்டாவ. மய்யித்த எடுக்கதுக்குள்ள போணும். ஒங்க வண்டியில என்னக் கொண்டு விட்டிருங்க.”

“கடைய யாரு பாப்பா? இங்கன உக்காரும். அஞ்சு நிமிசத்துல முடிச்சுத் தாரேன்.”

முடிக்கவில்லை. முதலில் வந்த வண்டி என்று வேறொன்றை எடுத்தான். நடுவே ஒரு பீடி பற்றவைத்தான். பஸ் ஒன்று வந்தபோது அசன் மைதீன் எழுந்து ஓடப்போனான். “இந்தா முடியப்போவுது வே, பஸ்ஸுக்கு முன்னால நீரு போயிருவீரு” என்று பாபநாசம் அவனை உட்கார வைத்தான். பஸ் கண்ணைவிட்டு மறைந்த பிறகுதான், டியூப் கிழிந்துபோயிருக்கிறது, புதிது போட வேண்டும் என்றான்.

திசையன்விளையில் ஜமாஅத்தார் பொறுத்துப் பார்த்தார்கள். கோடை; விடியற்காலையிலிருந்து கிடக்கும் உடம்பு. இதற்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று எடுத்துவிட்டார்கள். அசன் மைதீன் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உம்மாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

முதலில் அவன் விதியைத்தான் நொந்தான். பாபநாசத்தை நொந்தது பிறகு. ஒருநாள் விடியும் வேளையில் அதே சாலையில் போனவன், வண்டியை நிறுத்திவிட்டு உடைமரத்துப் பக்கம் ஒதுங்கினான். அப்போது பாபநாசம் நடந்துவந்தான். மடியிலிருந்து அள்ளி, கோழிக்குத் தீனி போடுவதுபோலச் சாலையில் வீசிக்கொண்டே போனான். அவன் போன பிறகு அசன் மைதீன் குனிந்து பார்த்தான். குடைக்கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி, முனையைக் கூராகச் சீவியிருந்தது.

ஓடிப்போய் அவன் கழுத்தைப் பிடிக்கக் கை துடித்தது. பிடிக்கவில்லை. போலீசுக்குப் போனால் இரண்டு நாளில் வெளியே வந்துவிடுவான், அடித்தால் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவான் என்று நினைத்தான். அவ்வளவு சீக்கிரம் இது தீர்ந்துவிடக் கூடாது.

சாத்தான்குளத்தில் ஒரு கடையில் சேர்ந்து தொழில் கற்றான். பிறகு பாபநாசத்தின் கடைக்கு நேர் எதிரே, நான்கு கம்பு நட்டுத் தகரம் போட்டான். மனைவி நஃபீஸத், “நல்ல யாவாரத்த விட்டுட்டு இது என்னத்துக்கு?” என்று அழுதாள். பாபநாசமும் சாலையைக் கடந்து வந்து கேட்டான்.

“என்ன பாய், யாவாரத்துக்கு வந்தீரா, வம்புக்கு வந்தீரா?”

“வம்புக்குத்தான்.”

பாபநாசம் சிரித்தான். ஆளை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. அது அசன் மைதீனுக்கு இன்னும் எரிந்தது.

தினமும் விடிந்ததும், பழைய ஸ்பீக்கர் காந்தங்களை ஒரு பலகையில் பதித்து வண்டிக்குப் பின்னால் கட்டி, சாலையில் இழுத்துக்கொண்டு போவான். ஒட்டிவரும் கம்பித் துண்டுகளைக் கண்ணாடிப் பாட்டில்களில் போட்டு, பாபநாசம் பார்க்கும்படி வரிசையாகத் தொங்கவிட்டான். வருகிறவர்கள் என்னவென்று கேட்டால், வாயைத் திறக்காமல் எதிர்க்கடையைப் பார்ப்பான். அவசரமாகப் போகிறவர்களைத் தன் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து பஞ்சர் ஒட்டினான். கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பக்கம் யாரும் ஒதுங்காமல் போனார்கள். அடுத்த கோடைக்குள் பாபநாசம் சாமான்களை விற்றுவிட்டுக் கடையைப் பூட்டினான். அன்று அசன் மைதீன் வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனான்.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. கடைசிக் கணக்கு ஒரு ஆவணி முகூர்த்த நாளில்தான் தீர்ந்தது. பாபநாசம் பட்டு வேட்டியில் வியர்க்க விறுவிறுக்க வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். பின்னாலேயே தாம்பாளத்தோடு அவன் மனைவி பாக்கியவதி. உடைமுள் ஏறி டயர் சப்பையாகிக் கிடந்தது. சாத்தான்குளத்தில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மற்றவர்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள்.

“பாய், மாப்பிள்ள வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருக்காவ. கொஞ்சம் பாருங்க.”

“எக்கா, நீங்க ஏறுங்க” என்றான் அசன் மைதீன். பிறகு பாபநாசத்தைப் பார்த்து, “நீரு இங்கன உக்காரும். அஞ்சு நிமிசத்துல வாரேன்” என்றான்.

அப்போதுதான் பாபநாசத்துக்கு ஆள் யாரென்று தெரிந்தது. அதற்குள் அசன் மைதீன் ஸ்பானர் பெட்டியைப் பூட்டிவிட்டு வண்டியைக் கிளப்பியிருந்தான்.

வழியில் பாக்கியவதி கேட்டாள்: “எங்க வீட்டுக்காரரு மேல ஒங்களுக்கு என்ன கோவம்?”

சொன்னான். கம்பியைச் சொன்னான், பீடியைச் சொன்னான், பஸ்ஸைச் சொன்னான். உம்மாவின் முகத்தைப் பார்க்காமல் போனதைச் சொன்னான். பாக்கியவதியை மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டான்.

அவன் உடனே திரும்பவில்லை. ஒரு கடையில் நின்று பைய டீ குடித்தான், இன்னொன்றும் குடித்தான். அங்கே மண்டபத்தில், நல்ல நேரம் முடிவதற்குள் தட்டு மாற்ற வேண்டும் என்று, தகப்பன் இடத்தில் தாய்மாமன் நின்று மாற்றினான். பாபநாசம் ஒரு லாரியைக் கைகாட்டி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சில நாட்களுக்குப் பிறகு பாக்கியவதி பஸ்ஸை விட்டு இறங்கி, கடைக்கு வந்தாள். தொங்கிய பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“நான் அவருகிட்ட இன்னும் பேசல பாய்” என்றாள்.

அசன் மைதீன் தலையாட்டினான். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தச் சொல் அவனுக்கு இனித்தது. இனித்ததை நஃபீஸத்திடம்கூட அவன் மறைக்கவில்லை.