ஏழுமலையின் முகம்

மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்து அரைத்த விழுது கன்னத்தில் காய்ந்து இறுகும்போது, யாரோ முகத்தை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுப்பதுபோல இருக்கும். வாயைத் திறந்து பேசினால் விழுது வெடித்துச் சட்டையில் பொடியாக உதிரும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் காதோரத்திலும் தாடையிலும் மஞ்சள் போகாது. அந்த மஞ்சளோடுதான் நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போய்வந்தேன். ஆம்பளைப் பையன் மஞ்சள் பூசிக்கொண்டு வருகிறான் என்று வகுப்பே சிரித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை போடுவதற்கு முன்பு எங்கள் பக்கத்தில் குண்டும் குழியுமாக ஒரு ரோடு இருந்ததாம். அதன் நினைவாக, பாலு என்ற எனக்குப் ‘பழைய ரோடு’ என்று பெயர் வைத்தார்கள்.

கடல் பொங்கி வந்துபோன அடுத்த வருஷம் அது. மரக்காணத்து உப்பளங்களில் ஏறியிருந்த சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, மறுபடி பாத்தி கட்டி உப்பு எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். என் சித்தப்பா மகன் ஏழுமலை அந்தச் சேறு வாரும் வேலைக்குத்தான் முதலில் போனான். அப்படியே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உப்பளத்திலேயே நின்றுவிட்டான். என்னைவிடச் சில மாதம்தான் மூத்தவன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், இரண்டு வீட்டுக்கும் ஒரே கைபம்பு, பெரும்பாலும் ஒரே குழம்பு. ஆனால் நாளெல்லாம் வெயிலில் வெந்து, உப்புக் காற்றில் காய்ந்து வரும் அவன் முகம் புதிதாகத் துலக்கிய செம்புபோல இருந்தது. மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து இயற்பியல் படித்துக்கொண்டிருந்த என் முகம் சீழும் சிவப்புமாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கும் ஒரு பரு வராதா என்று நான் காத்திருந்தேன். ஒருநாள் அவன் மூக்கோரத்தில் சிவப்பாக ஒரு புள்ளியைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துபோனது. கொசு கடித்தது அது. சாயங்காலத்துக்குள் மறைந்துவிட்டது.

என் முகத்தில் நான் போட்டுப் பார்க்காததே இல்லை. பற்பசை வைத்தால் ஒரே இரவில் அமுங்கிவிடும் என்று வகுப்பில் ஒருவன் சொன்னான். அமுங்கவில்லை, தோல் கறுத்தது. அக்காவின் சிவப்பழகு கிரீமை எடுத்துப் பூசினேன். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பை ஒரு வாரம், அது சரியில்லை என்று இன்னொன்றை மூன்று நாள். அம்மா, “எல்லாம் ஒடம்பு சூடுதான்” என்று சொல்லி எண்ணெய் தேய்த்துத் தலை முழுக வைத்தார். மாம்பழத்தையும் கருவாட்டையும் என் தட்டிலிருந்து எடுத்துவிட்டார். ஏழுமலை என் எதிரிலேயே உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிடுவான். அப்பா மட்டும் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஆம்பளப் புள்ளைக்கு மூஞ்சியா முக்கியம்? வயசு போனா அதுவும் போவுது” என்பார்.

அந்த ஆவணியில் தனம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வருவதும், முகூர்த்தத்தில் அக்காவின் கையில் பொரி அள்ளிப் போடுவதும் தம்பியின் வேலை. பெண்ணுக்கு நான் ஒரே தம்பி. ஊரே பார்க்க, வீடியோ எடுக்க, அந்த முகத்தோடு எப்படி நிற்பது? கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வெட்கத்தை விட்டு ஏழுமலையிடம் கேட்டேன்.

“மூஞ்சிக்கு இன்னாடா போடற?”

“ஒண்ணும் போடலடா.”

“பொய் சொல்லாத.”

“சத்தியமா ஒண்ணும் இல்ல. குனிஞ்சி உப்பு வார்றப்ப தண்ணி மூஞ்சில தெறிக்கும். சாயங்காலம் சோப்பு போட்டுக் கழுவிப்பேன். அவ்ளோதான்.”

அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கோ பெரிய ரகசியத்தைக் கறந்துவிட்டது போல இருந்தது. தெறிக்கும் தண்ணீருக்கே இப்படி என்றால், அந்தத் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவினால்? மறுநாள் பள்ளிக்குப் போகாமல் உப்பளத்துக்குப் போனேன். உப்பு விளையத் தொடங்கும் பாத்திகளில் தண்ணீர் எண்ணெய்போலக் கெட்டியாக, இளஞ்சிவப்பாக நிற்கும். குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துத் தேய்த்தேன். முதலில் சில்லென்றிருந்தது. அடுத்த நொடி, ஒவ்வொரு பருவுக்குள்ளும் ஊசியைச் செருகித் திருகுவதுபோல எரிந்தது. எரிந்தால்தான் குணமாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே வெயிலில் காயவிட்டேன். தொடர்ந்து சில நாள் இதையே செய்தேன்.

கல்யாணத்தன்று காலையில் என் முகம் வீங்கி, தோல் உரிந்து, கன்னமெல்லாம் பச்சைப் புண்ணாக நீர் வடிந்துகொண்டிருந்தது. அம்மா அதன்மேல் பவுடர் போட்டுப் பார்த்தார். அது மாவுபோலத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு நின்றது. வீடியோக்காரர் விளக்கை என் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

“ஏழுமல, நீ வந்து நில்லுடா.”

“பெரியப்பா, பாலுதான மாலை போடணும்?”

“சொல்றத செய்யிடா. நேரம் ஆவுது.”

எனக்கென்று எடுத்த பட்டு வேட்டியை அவன் கட்டிக்கொண்டான். அது அவனுக்கு அளவெடுத்ததுபோல இருந்தது. மாலை போட்டான். மாப்பிள்ளை அவன் தோளில் கை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். “யாரு இந்தப் பையன், லட்சணமா இருக்கானே” என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டது, வீடியோ விளக்கின் ஒயருக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு நன்றாகவே கேட்டது. அவன் என் அக்காவின் கையில் பொரி போட்டபோது எனக்கு முகத்தில் எரிச்சல் தெரியவில்லை. எரிந்ததெல்லாம் உள்ளே. அவன் கால் இடறி விழ வேண்டும், பொரி கொட்ட வேண்டும், ஏதாவது ஒன்று நடக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் சரியாக நடந்தது.

மறுநாள் அவன் வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தான். “கெளம்பு, பாண்டிக்குப் போலாம். அங்க ஒரு தோல் டாக்டரம்மா இருக்காங்களாம். மேஸ்திரி சொன்னாரு” என்றான். அவன் இரக்கப்படுவது அவன் அழகைவிட அதிகமாக என்னைச் சுட்டது. ஆனாலும் போனேன், வலி அப்படி.

பஸ் கூனிமேட்டைத் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன். அவனாகத்தான் சொன்னான்: “அக்கா பொரி வாங்கறப்ப என்னியப் பாக்கவே இல்லடா. கூட்டத்துல உன்னத்தான் தேடிச்சி.”

நான் ஜன்னலிலிருந்து திரும்பி உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா என் முகத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். நான் போட்டதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். உப்புத் தண்ணீர் என்றதும் பேனாவை வைத்துவிட்டார்.

“யாரு சொன்னாங்க இத?”

நான் ஏழுமலையைப் பார்த்தேன். டாக்டரம்மாவும் பார்த்தார். “அவன் தோல் வேற, உன் தோல் வேறப்பா. அவனுக்கு ஒண்ணும் போடாமயே நல்லா இருக்கும். உனக்கு மருந்து வேணும், பொறுமையும் வேணும். ஒண்ணு ஒத்துக்கலன்னா மாத்திக்கலாம். நீயா எதையும் அள்ளிப் பூசாத” என்றார்.

பிறகு அவர் கண் ஏழுமலையின் செருப்பில்லாத கால்களுக்குப் போனது. பாதத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னார். குதிகாலெல்லாம் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பாகத் தெரிந்தது. தினமும் ஒரே பம்பில் கால் கழுவுகிறோம். நான் அவன் கழுத்துக்குக் கீழே பார்த்ததே இல்லை.

“பூட்ஸ் போட்டுக்கக் கூடாதா?”

“பூட்ஸ் போட்டுக்கினு பாத்தியில மிதிக்க முடியாதுங்க டாக்டர். கிண்டல் பண்ணுவாங்க” என்று சிரித்தான்.

அவனுக்கும் ஒரு களிம்பு எழுதினார். உள்ளபடியே சொல்வதென்றால், வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மனதில் அந்தக் கால்கள் பாதிதான் இருந்தன. ‘அவனுக்கு ஒண்ணும் போடாமயே நல்லா இருக்கும்’ என்ற வார்த்தைதான் மீதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

புண் ஆறியபின் கொடுத்த முதல் மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது. தூக்கி எறியப் போனேன். ஏழுமலை மறுபடி வேலையை விட்டுவிட்டு என்னை பஸ் ஏற்றினான். டாக்டரம்மா அதை நிறுத்திவிட்டு வேறொன்று கொடுத்தார். பட்டாணி அளவுதான், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பொங்கலுக்குள் புதிய பருக்கள் வருவது குறைந்தது. மறு கோடையில் வகுப்பில் வேறொரு பையனுக்குப் பட்டப்பெயர் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

நான் படித்து முடித்துத் திண்டிவனத்தில் வேலைக்கு வந்துவிட்டேன். அந்த டாக்டரம்மா இப்போது இல்லை. கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ஏழுமலை இன்னும் உப்பளத்தில்தான் இருக்கிறான். வெயில் அவன் கன்னங்களில் கறுப்புத் திட்டுகளாகப் படிந்துவிட்டது, கண்ணோரங்கள் சுருங்கிவிட்டன. எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் இன்று என் முகம்தான் தெளிவாக இருக்கும். ஒருகாலத்தில் இதற்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

போன மாதம் அவன் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தான். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நெற்றியில் நாலைந்து பரு. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இங்குள்ள தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இதெல்லாம் இந்த வயதில் சகஜம், தானே போய்விடும் என்று டாக்டர் சிரித்தார். ஏழுமலை சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“போவும்னு தெரியுங்க. ஆனா எம்பொண்ணு ரெண்டு நாளா ஸ்கூலுக்குப் போவாம அழுவுதுங்க. அதுக்கு இன்னா பண்ணலாம், அத சொல்லுங்க.”

அந்தப் பெண் துப்பட்டாவை விலக்கித் தன் அப்பாவைப் பார்த்தாள். நாற்பதை நெருங்கும் வயதில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.